கண்ணாடி காட்டாத பிழை

ஆலப்புழையில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் கருணாகரன். 1940களில் உள்ளூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் பழுதான கேமராத் துருத்தியை அவரிடம் கொண்டுவந்தார். ஆர்மோனியத் துருத்தி மடித்துப் பழகிய கைக்கு அது புதிய வேலையல்ல. பிறகு அவர் கேமராவையே செய்யத் தொடங்கினார். தேக்குச் சட்டம், பித்தளைப் பூண், வெளிநாட்டு லென்ஸ் என்று உருவான அந்தக் கேமராவின் பெயர் 'வாகீஸ்வரி'. பல பத்தாண்டுகள் அது இந்திய ஸ்டுடியோக்களில் முக்காலி மேல் நின்றது. சுவிஸ் தொழிற்சாலையின் நுட்பம் அதில் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த வகைக் கேமராக்களில் எடுத்து, நெகட்டிவைத் தாள்மேல் வைத்து அப்படியே அச்சிட்ட பழைய கல்யாணப் படங்களில் சேலைச் சரிகை இழை இழையாகத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்போம்.

அப்படியானால் துல்லியம் எதற்கு? பெரிய ஃபிலிம் தாளில் படமெடுக்கும் வியூ கேமராக்களைச் சுற்றி இந்தக் கேள்வி ஓய்ந்ததே இல்லை. இப்போது அது இன்னும் சூடாகியிருக்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலிருந்து 2014 முதல் வரும் இன்ட்ரெபிட் கேமரா ஒட்டுப்பலகையில் செய்தது. சில நூறு பவுண்டு போதும். முப்பரிமாண அச்சில் வீட்டிலேயே கேமரா செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம் சைனார், லின்ஹாஃப், ஆர்கா-ஸ்விஸ் என்று பல மடங்கு விலையில் பற்சக்கர நகர்வும் அளவுக்கோடும் பூட்டுக் குழியும் கொண்ட இயந்திரங்கள். "கேமரா வெறும் இருட்டுப்பெட்டி, படமெடுப்பது லென்ஸ்தான்" என்று ஒரு கட்சி. "ஆடுகிற பெட்டியில் நல்ல லென்ஸ் மாட்டுவது வீண்" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பாதி என்று இரண்டு கட்சியுமே சொல்வதில்லை.

வியூ கேமராவின் அமைப்பு எளிமையானது. முன்பலகையில் லென்ஸ், பின்பலகையில் சொரசொரப்பான கண்ணாடி, இடையில் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிவதுதான் ஃபிலிமில் விழப்போகும் படம். முன்பலகை கோணலாக நின்றால் படத்தின் ஓரம் மங்கும். அது கண்ணாடியிலேயே தெரிந்துவிடும், கையால் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பலகை நேராக நிற்பதைக் காட்டும் பூஜ்யக் குறி சரியாகப் பூஜ்யத்தில் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. விலையுயர்ந்த கேமராவில் நாம் காசு கொடுக்கும் நுட்பங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். அவை வேலையை விரைவாக்கும், விரலுக்குச் சுகம் தரும். (அந்தச் சுகத்தை நான் மட்டம்தட்ட மாட்டேன், நல்ல பற்சக்கரக் குமிழை ஒருமுறை திருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) படத்தின் கூர்மை அவற்றால் கூடுவதில்லை.

ஆனால் கண்ணாடி காட்டாத பிழைகளும் உண்டு. முதலாவது, கண்ணாடி இருக்கும் இடமும் ஃபிலிம் வந்து அமரும் இடமும் ஒன்றாக இல்லாதது. கண்ணாடியின் இடத்தில் செருகும் 4×5 அங்குல ஃபிலிம் ஹோல்டரில் தாள் படியும் ஆழம் 5 மி.மீ. என்பது அமெரிக்கத் தர அளவு, ஏறக்குறைய 0.18 மி.மீ. கூடலாம், குறையலாம். அதாவது ஷீட் ஃபிலிமின் தடிமன் அளவுக்குத்தான் சலுகை. கண்ணாடி இந்த ஆழத்தில் இல்லையென்றால், எவ்வளவு கவனமாக ஃபோகஸ் செய்தாலும் படம் வேறொரு தளத்தில்தான் கூர்மையாகும். துணிக்குள் எல்லாம் சரியாகத் தெரியும். டார்க் ரூமில்தான் குட்டு வெளிப்படும்.

எவ்வளவு பிழை எவ்வளவு மங்கலாகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பிழையின் அளவை எஃப் எண்ணால் (லென்ஸின் துளை சுருங்கச் சுருங்க இது கூடும்) வகுத்தால் மங்கல் புள்ளியின் விட்டம் கிடைக்கும். கண்ணாடி 1 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப் 22-இல் மங்கல் 0.05 மி.மீ.க்கும் குறைவு, நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் சாதாரணப் பார்வைக்கு உறுத்தாது. எஃப் 5.6-இல் அது 0.18 மி.மீ.; அதே பெரிதாக்கலில் 0.7 மி.மீ. ஆகி முகத்தில் அறையும். பலகை 1 டிகிரி கோணலாக இருந்தால் 4×5 தாளின் நீளவாக்கு ஓரத்தில் வரும் பிழையும் ஏறத்தாழ இதே 1 மி.மீ.தான். இந்த இரண்டில் கோணலைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும், ஆழப் பிழையைக் காட்டாது. செலவு எங்கே தேவை என்பதை இந்த வேறுபாடே சொல்லிவிடுகிறது.

மலிவுக் கட்சியின் வழக்கமான மருந்து துளையைச் சுருக்குவது. 1932-இல் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் நண்பர்களோடு சேர்ந்து தங்கள் குழுவுக்கு 'எஃப்/64' என்றே பெயர் வைத்தார்களே என்பார்கள். ஆனால் எஃப் 64-இல் ஒளி விளிம்பில் வளைவதால் மட்டுமே ஒரு புள்ளி 0.09 மி.மீ. அளவுக்கு விரிகிறது, எஃப் 22-இல் அது 0.03 மி.மீ.தான். வெஸ்டன் 8×10 நெகட்டிவைப் பெரிதாக்காமல் அப்படியே அச்சிட்டவர், அவருக்கு இந்த விரிவு பொருட்டல்ல. சிறிய தாளில் எடுத்துச் சுவரளவு பெரிதாக்குகிறவர் அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எதிர்க்கட்சியும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மார்பளவு உருவப்படத்தை நிஜத்தில் கால் பங்கு அளவில் எடுக்கிறோம். ஃபோகஸ் முடிந்து, ஹோல்டரைச் செருகி, மூடியை உருவுவதற்குள் உட்கார்ந்திருப்பவர் 1 செ.மீ. முன்னே சாய்ந்தால், கேமராவுக்குள் அது 0.6 மி.மீ. ஃபோகஸ் பிழை. ஹோல்டருக்கு அனுமதித்த சலுகையைவிட மூன்று மடங்கு! மூச்சுவிடும் மனிதருக்கு எதிரே மைக்ரான் கணக்குப் பேசுவதில் பொருளில்லை.

எனினும் "கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. 90 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸை மாட்டினால் கண்ணாடியின் மூலைகள் இருண்டுவிடும். அந்தி வெளிச்சத்தில் அங்கே ஒன்றுமே தெரியாது. கண் தோற்கும் அந்த இடத்தில் நம்பகமான பூஜ்யக் குறிக்கு உண்மையான மதிப்பு வருகிறது. கட்டடப் படங்களையே பிழைப்பாகக் கொண்டவர் ஒட்டுப்பலகைக் கேமராவோடு மல்லுக்கட்டுவது சிக்கனமல்ல. கண்ணாடி காட்டாத இரண்டாவது பிழை இன்னும் மோசம்: திருகை இறுக்கிய பிறகு ஹோல்டரைச் செருகும்போது பின்பலகை பின்னுக்கு நகர்ந்துவிடுவது. மலிவான கேமராக்களை நான் முதலில் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான். ஃபோகஸ் பார்த்தாகிவிட்டது, கண்ணாடி இருந்த இடத்தை ஹோல்டர் பிடித்துக்கொண்டது, அதன்பின் என்ன நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது.

ஃபிலிமுக்குப் பதிலாக, சென்சார் கொண்ட டிஜிட்டல் பேக்கைப் பொருத்துகிறவர்களிடம் இந்தத் தாராளம் எதுவும் செல்லாது. 54 மி.மீ. அகல சென்சாரில் 1 டிகிரி கோணல், எஃப் 8-இல், ஓரத்தில் 0.06 மி.மீ. மங்கல் தரும். 5 மைக்ரான் பிக்சலுக்கு அது பத்துப் பிக்சலுக்கும் மேல். அங்கே பற்சக்கரம் ஆடம்பரமல்ல.

இன்னொரு வேடிக்கை: மலிவு ஒருபக்கம், துல்லியம் மறுபக்கம் என்ற பிரிவே பழைய கேமராச் சந்தையில் குலைந்துவிட்டது. விளம்பர ஸ்டுடியோக்கள் டிஜிட்டலுக்குப் போனதும் அவை கழித்த, ஒரே தண்டின் மேல் பலகைகள் நகரும் உலோக மோனோரயில் கேமராக்கள் குறைந்த விலைக்கு வந்தன. அவற்றில் துல்லியம் குறைவில்லை. மலையேறத் தூக்கிப்போக முடியாது, அவ்வளவுதான். ஒட்டுப்பலகைக் கேமரா விற்பது உண்மையில் எடைக் குறைவை. 'கிராஃபிக்' என்ற பெயரில் வந்த பழைய பத்திரிகைக் கேமராக்களும் நல்ல பேரம்தான், ஒரு பொறியைத் தவிர. சிலவற்றில் கண்ணாடிக்கு முன்னால் தகடு போன்ற ஃப்ரெனெல் லென்ஸ் ஒன்று இருக்கும். அதையும் கணக்கில் வைத்தே கண்ணாடியின் இடத்தை அமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினாலோ, இல்லாத கேமராவில் புதிதாகச் செருகினாலோ, ஃபோகஸ் அந்தத் தகட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போகும். முந்தைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்று கேமரா சொல்லாது.

எனவே வாங்க நினைப்பவர் பட்டியலில் உள்ள நகர்வுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பின்பலகையை இறுக்கி, ஹோல்டரைச் செருகி எடுத்து, அசைகிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் அடிக்கோலை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுக் கோட்டை உருப்பெருக்கியால் ஃபோகஸ் செய்து, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு தாள் எடுங்கள். நெகட்டிவில் அதே கோடு கூர்மையாக இருந்தால், விலை எதுவானாலும் அந்தக் கேமராவைத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.