நம் பேரில் ஒரு பத்திரிகை

பறையர் என்கிற நம் பேர் கப்பலேறிப்போய் இங்கிலீஷ் அகராதிக்குள் 'பரையா'வாக உட்கார்ந்து சில நூறு வருசம் ஆகிறது. ஒதுக்கப்பட்ட எவனுக்கும் அங்கே அதுதான் பேர். தெருநாய்க்கும்கூட. அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டு 1990இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுபத்திரிகை வந்தது: 'டிசீஸ்டு பரையா நியூஸ்'. எய்ட்ஸ் கிருமி தொற்றிய டாம் ஷியரரும் பியோவுல்ஃப் தார்னும் சொந்தமாகத் தொடங்கியது.

பேரைக் கேட்டதும் எனக்குக் கோபந்தான் வந்தது. நோய் வந்ததும் நம்ம பேரை எடுத்து மாட்டிக்கிறானுங்களே என்று. பிறகு நகல்களைப் படித்தேன். கோபம் போகவில்லை, ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

எழவு வீட்டில் நம் பெரியம்மாக்கள் ஒப்பாரிக்கு நடுவே செத்தவனையே கிண்டல் பண்ணுவார்களே, அந்தச் சிரிப்பு. எய்ட்ஸ் உடம்பை உருக்கி எலும்பாக்கிவிடும் என்பதால் கொழுப்புச் சத்துள்ள சமையல் குறிப்புக்கென்றே ஒரு பகுதி. சாகாம இருக்கணும்னா தின்னு பெருத்துக்கோ என்பது அதன் தலைப்பின் சாரம். பார்பி பொம்மைக்கு எய்ட்ஸ் வந்ததாக ஒரு போலி விளம்பரம். 1991இல் ஷியரர் இறந்தார். பத்திரிகை நிற்கவில்லை. 1999இல் தார்னும் இறந்தார். மொத்தம் 11 இதழ்கள்.

நம் கதைகளில் நோயாளி எப்படி வருகிறான்? கட்டிலில் கிடப்பான். கதாசிரியர் பக்கத்தில் நின்று கண்ணீர் விடுவார். சாகிறவன் வாயில் தத்துவம் வருமே தவிரப் பசி என்று ஒரு வார்த்தை வராது. இங்கே நோயாளியே ஆசிரியன். கருணை காட்ட வருகிறவன்தான் கேலிப்பொருள். 'ஐயோ பாவம்' என்று நம்மைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து தலித் எழுத்து பேனாவைப் பிடுங்கியதும் இதே வேலைதான்.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பேரை ஏற்கவில்லை; 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்தப் பேரை வைத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா என்பது நமக்கு உயிர் போகிற சண்டை. அவர்களுக்கு அது அகராதியில் கிடந்த உவமை. ஒருபால் உறவுக்காரர்கள் என்பதால் நோய்க்கு முன்பே அவமானத்தை அறிந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவென்று சொன்னதுமே முகம் மாறுகிற ஒதுக்கல் வேறு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் படித்த பக்கங்களில் எங்கும் காணோம்.

இப்படி எழுதிவிட்டு நிமிர்ந்தால் எங்கள் சேரி நினைப்பு வருகிறது. லாரி ஓட்டிய சித்தப்பா ஒருத்தர் இந்த நோயில்தான் செத்தார். ஊர் நம்மை ஒதுக்கியது பத்தாதென்று சேரி அவர் வீட்டை ஒதுக்கியது. டீக்கடையில் தனி டம்ளருக்கு எதிராகப் போராடினவங்க நாம. அவருக்குத் தனி டம்ளர் வச்சதும் நாமதான். பாடை தூக்க நாலு பேர் தேறலை. பறையும் அடிக்கலை.

போன மாசம் சித்தியிடம் இந்தப் பத்திரிகையின் சமையல் குறிப்பு சங்கதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்தது. "கடைசியில அந்த மனுசனுக்கு எதுவும் எறங்கல. கருவாட்டுக் கொழம்பு மட்டும் எறங்குச்சு. எப்படி வச்சேன்னு சொல்றேன், எழுதிக்க."