மறைந்த ஞானமும் திறந்த வாசலும்
யோபு 28ஆம் அதிகாரம் பற்றிய ஒரு திறனாய்வு

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் எழுப்பிய கெல்திரியா கோட்டையில், 1632 முதல் சுமார் பத்தாண்டுகள் குருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து அவர் எழுதிய நூல், அவருடைய மறைவுக்குப்பின் 1651இல் லெய்டனில் அச்சேறியது. மறைந்திருக்கும் புறமதத்திற்குத் திறந்த வாசல் என்பது அதன் தலைப்பின் பொருள். பர்த்ருஹரியின் நீதிமொழிகள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக இடம்பெற்றதும் இந்நூலிலேயாம். அயலாரின் நம்பிக்கையை அவர்தம் வாய்மொழியாகவே கேட்க முற்பட்ட அவ்வுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அத்தலைப்பில் ஓர் எண்ணம் பொதிந்துள்ளது. மறைந்திருப்பது எதுவாயினும் அது பூட்டிய அறை. திறவுகோலுடையவன் அதைத் திறந்துவிடலாம் என்பதே அவ்வெண்ணம். இதே எண்ணத்துடன் எபிரெயத் திருமறையையும் அணுகலாமா என்பதே நம் வினா.

1. மனிதனின் தேடலும் கடவுளின் தேடலும்

யோபு 28 சுரங்கத்தொழிலாளரைப் போற்றித் தொடங்குகிறது. பருந்தின் கண்ணுக்கும் தென்படாத பாதையில், கயிற்றில் தொங்கியவாறு இருளைக் குடைந்து செல்கின்றனர் அவர்கள். நூலாசிரியர் மனிதத் திறனை ஏளனம் செய்யவில்லை. அவன் கடையெல்லைவரை ஆராய்கிறான் என 3ஆம் வசனமும், மறைபொருளை வெளிச்சத்திற்குக் கொணர்கிறான் என 11ஆம் வசனமும் ஒப்புக்கொள்கின்றன.

இங்குள்ள இரு எபிரெயச் சொற்கள் கவனத்திற்குரியன. 11ஆம் வசனத்தின் மறைபொருளைக் குறிக்கும் சொல் எவ்வேரிலிருந்து பிறந்ததோ, அவ்வேரே 21ஆம் வசனத்தில் மீண்டும் வருகிறது. ஆனால் அங்கு உயிருள்ள அனைத்தின் கண்களுக்கும் மறைந்திருப்பது ஞானம். 3ஆம் வசனத்தில் மனிதனின் ஆராய்ச்சியைக் குறித்த வினையே 27ஆம் வசனத்தில் கடவுளின் செயலாகிறது. ஆக, ஒருவகை மறைவை மனிதன் வெல்கிறான். மற்றொரு மறைவு அவன் முயற்சிக்கு எட்டுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நம் விளக்கவுரைகளில் காணும் பெரும்பிழை.

13ஆம் வசனத்தில் எபிரெயப் பாடம் ஞானத்தின் விலையை மனிதன் அறியான் என்கிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்போ அதன் வழியை அறியான் என்கிறது. எபிரெயத்தில் இவ்விரு சொற்களும் ஓரெழுத்தளவே வேறுபடுகின்றன. வழி என்பதே 23ஆம் வசனத்திற்கு இசைவானது என்பர் பலர். எனினும் பொன், முத்து, கூஷின் புஷ்பராகம் எனச் சந்தைப்பொருள்களை அடுக்கும் 15 முதல் 19 வரையுள்ள வசனங்களுக்கு முன்னுரையாக விலை என்னும் பாடமே பொருந்துமென நாம் கருதுகிறோம். துணிக்கும் வெடிமருந்துக்கும் மட்டுமின்றி, கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்கும் விலை குறித்த துறைமுகம் பழவேற்காடு. அவ்வூரை அறிந்தோர் இவ்வசனங்களைச் சொல்லணி என்று கடந்துபோக இயலாது.

2. ஆழியின் வாக்குமூலம்

14ஆம் வசனத்தில் ஆழமும் கடலும் பேசுகின்றன. பண்டைக் கானானியப் புராணங்களில் கடல், கடவுளை எதிர்த்துப் போரிடும் ஆற்றல். இங்கோ அது, ஞானம் தன்னிடம் இல்லையென்று ஒப்புக்கொள்ளும் சாட்சியாக நிற்கிறது. கெர்ஹார்ட் ஃபான் ராட் 1970இல் வெளியிட்ட நூலில், இந்த ஞானம் படைப்பிற்குள் கடவுள் வைத்த உட்பொருள். உலகில் இருந்தும் மனிதன் கைக்கு எட்டாதது என்றார். இக்கருத்து பெரிதும் ஏற்கத்தக்கதே. காற்றுக்கு நிறையும் தண்ணீருக்கு அளவும் மழைக்குக் கட்டளையும் தந்தபோதே கடவுள் ஞானத்தைக் கண்டார் என 25 முதல் 27 வரையுள்ள வசனங்கள் கூறுவதால், அது உலகிற்குப் புறம்பானதன்று.

பழவேற்காட்டு மீனவர் இதனை எளிதில் உணர்வர். நீரேற்றத்தையும் காற்றின் திசையையும் இறாலின் வரவையும் அவர்கள் அறிவர். இருளர் கலங்கிய நீரில் கையால் துழாவியே இறாலைப் பிடிக்கின்றனர். எனினும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதையோ, கடல் பொங்கிவருவதையோ அவ்வறிவு கட்டுப்படுத்துவதில்லை.

3. இறுதி வசனம்

ஆண்டவருக்கு அஞ்சித் தீமையை விட்டு விலகுவதே ஞானமென்னும் 28ஆம் வசனத்தைப் பிற்சேர்க்கையென்பர் ஆய்வாளர் பலர். அங்கு வரும் 'அதோனாய்' என்னும் சொல் யோபு நூலில் வேறெங்கும் இல்லை என்பது அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று. அது பிற்சேர்க்கையாயினும், இன்றைய வடிவில் அவ்வசனம் நூலின் முதல் வசனத்தை எதிரொலிக்கிறது. யோபு கடவுளுக்கு அஞ்சித் தீமையை விட்டு விலகியவன் என்றே நூல் தொடங்குகிறது. எனவே மனிதனுக்குரிய ஞானம் அவனிடம் முன்னமே இருந்தது. இருந்தும் அவன் பிள்ளைகளை இழந்தான். இவ்வசனம் துன்பத்தின் காரணத்தை விளக்குவதன்று. அவ்வாறு விளக்க முயன்ற நண்பர்களைக் கடவுளே 42ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, தமிழகக் கடற்கரையில் சுமார் 8,000 பேரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. பழவேற்காட்டுக் குப்பங்களும் அதற்குத் தப்பவில்லை. அதனைத் தண்டனையென்று பேசுவோர், ஆழமே அறியாத ஒன்றைத் தாம் அறிந்ததாகச் சொல்கின்றனர். நம் பிரசங்கபீடங்கள் இதற்கு முற்றிலும் விலக்கென்று நாம் சொல்லிக்கொள்ள இயலுமா?

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்கத்திற்குப் பாடு என்று பெயர். வளமான நீர்ப்பரப்பு ஒருவர் கையிலேயே தங்கிவிடாதபடி அது காக்கிறது. அதில் உரிமையற்றோரும் அவ்வேரிக்கரையில் உண்டு. ஆகவே அதனைக் குறையற்றதென்று புகழமாட்டோம். ஆனால் ஆழத்தின் இரகசியம் தெரியாதபோதும் அயலானுக்குரிய முறையை மதித்து நடக்கலாம் என்பதை அது காட்டுகிறது. 28ஆம் வசனம் மனிதனிடம் கேட்பதும் இத்தகைய நடக்கையையே.

பாடு என்னும் அதே சொல்லால்தான் நம் சபை கிறிஸ்துவின் துன்பத்தையும் குறிக்கிறது. துக்கவீட்டிற்குச் செல்லும் குருவானவர் திறவுகோலுடன் செல்லவேண்டியதில்லை. யோபின் நண்பர்கள் வாய்திறக்குமுன் ஏழுநாள் தரையில் அவனோடு அமர்ந்திருந்தனர். அவர்கள் ஞானமாய் நடந்தது அந்த ஏழுநாளில்தான்.