உச்சிச் சூரியனும் ஒரு சிறு தொலைநோக்கியும்: சீஸ்டார் எஸ்50

தருமபுரி நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21 ஆகிய நாள்களை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடுகிறது. சீஸ்டார் எஸ்50 என்னும் தானியங்கித் தொலைநோக்கியை இம்மாவட்டத்தில் சில வாரங்கள் கையாண்டபின் எஞ்சி நிற்கும் கேள்வி, இந்த உச்சிச் சூரியனை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதே.

50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத் தொலைவு, இரண்டரை கிலோ எடை, கைபேசிச் செயலி ஆகியவை பலரும் அறிந்தவை. சூரியனுக்கான வடிகட்டி பெட்டியிலேயே வருகிறது. அதை வில்லையின் முன்புறம் பொருத்திய பின்னரே கருவியைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். இவ்வடிகட்டி சூரிய ஒளியின் செறிவை மட்டும் குறைப்பதால், படத்தில் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் காண, ஹைட்ரஜனின் ஒற்றைச் சிவப்பு நிறத்தை மட்டும் விடும் விலையுயர்ந்த வடிகட்டி வேண்டும். காலை ஏழரை மணிக்குக் கருவியை மொட்டைமாடியில் வைத்தால், ஏறத்தாழ 800 படப்புள்ளி அகலத்தில் சூரிய வட்டு திரையில் நிறைகிறது. அந்நேரத்தில் இக்கருவியைக் குறை சொல்ல மனம் வராது.

சிக்கல் நண்பகலில் தொடங்குகிறது. தலையாட்டும் மேசை மின்விசிறியைப் போலப் பக்கவாட்டில் சுழன்றும் மேலும் கீழும் சாய்ந்தும் இயங்கும் தாங்கியில், இலக்கு உச்சியை நெருங்க நெருங்கப் பக்கவாட்டுச் சுழற்சி விரைவாக வேண்டியிருக்கிறது. உச்சியிலிருந்து 10 பாகை தள்ளிச் சூரியன் கடக்கும் நாளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.3 பாகை சுழன்றால் போதும். 1 பாகை தள்ளிக் கடக்கும் நாளிலோ அது 14 பாகையாகிறது. இது எந்த நிறுவனத்தின் தவறும் அன்று, வடிவியலின் விளைவு. இவ்வகைத் தாங்கியில் அமைந்த மாபெரும் தொலைநோக்கிகளுக்கும் உச்சியில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சீஸ்டாரைத் தயாரிக்கும் நிறுவனம் அமைந்துள்ள சீனாவின் சூஜோ நகரம் 31 பாகை வடக்கில் இருப்பதால், அங்கே சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை.

புவியின் அச்சுக்கு இணையாகத் தாங்கியைச் சாய்ப்பது பழைய தீர்வு. ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அவ்வாறே அமைந்தது. ஆனால் தருமபுரியில் அந்த அச்சு தரையிலிருந்து 12 பாகையே உயர்வதால், சிறு முக்காலியில் கருவி ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. துருவ நட்சத்திரமும் அதே 12 பாகை உயரத்தில், பல ஊர்களில் மலைக்கும் மரத்துக்கும் பின்னே, மறைந்து கிடக்கிறது.

இதைவிட எரிச்சலூட்டுவது படம் தலைகீழாவது. தருமபுரியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறி இறங்குவதால், காலையில் வட்டின் மேற்புறம் தெரிந்த கரும்புள்ளி மாலைப் படத்தில் கீழ்ப்புறம் தெரிகிறது. ஒரு புள்ளிக்கூட்டம் வட்டின் குறுக்கே நகர்வதை இரு வாரம் தொடர விரும்புவோர், நாள்தோறும் ஒரே நேரத்தில் படமெடுத்து நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால், பதிவு முழுவதும் குழம்பிவிடும். இவ்வொழுங்கின் பயனைக் கோடைக்கானல் காட்டுகிறது. அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரி வட்டாரமும் பட்டினி கண்ட தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி வலுப்பெற்றது. 1899-இல் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு காரணம். 1904 முதல் சேர்ந்த அதன் சூரியப் படங்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவது, ஒவ்வொன்றிலும் நாளும் நேரமும் திசையும் தெரிவதாலேயே.

கோள்களைப் பொறுத்தவரை ஏமாற்றமே மிச்சம். ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 2.4 விகலையை அடக்குவதால் வியாழன் மிகப் பெரிதாகத் தெரியும்போதும் ஏறத்தாழ 20 புள்ளி அகலமே தேறுகிறது. வளையத்தோடு சேர்த்தாலும் சனிக்கு அதே கதிதான். 1,500 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் இதே அளவு புள்ளிகள் கொண்ட ஒளிப்படக் கருவியைப் பொருத்தினால் வியாழன் நூறு புள்ளிகளைத் தாண்டும்.

ஆயினும் சூரியனைப் பொறுத்தவரை உச்சிக் குறையால் இழப்பு பெரிதில்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று நண்பகலில் படத்தை எப்படியும் கலக்கிவிடுகிறது. கோள்களுக்காக இக்கருவியை வாங்க வேண்டாம். சூரியனுக்காக வாங்குவோர் காலை ஒன்பது மணிக்குள் படமெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, கருவியை மூடிவைப்பது நல்லது.