ஒரே அவையில் இரு தீர்மானங்கள்

2019 மார்ச் முதல் இரு நாட்களில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் அபுதாபியில் கூடினர். 57 நாடுகளின் பெயரால் அங்கு நிறைவேறிய தீர்மானங்களுள் இரண்டை அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். ரோஹிங்கியா மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக மியான்மாரைச் சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்தும் முயற்சிக்கு ஒன்று துணை நின்றது. முஸ்லிம் சிறுபான்மையினரின் உரிமைகளைக் காப்பது பற்றிய மற்றொன்றோ, தன் முஸ்லிம் குடிமக்களைப் பேணுவதற்காகச் சீன அரசைப் பாராட்டியது. ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட செய்தி அதற்கு முன்பே உலகெங்கும் பரவியிருந்தது.

முதல் தீர்மானத்தின் விளைவு பெருமைக்குரியது. 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்காக 2019 நவம்பரில் வழக்குத் தொடுத்தது காம்பியா என்னும் சிறிய ஆப்பிரிக்க நாடு. அந்நாட்டின் அன்றைய நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாது, ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் பணியாற்றியவர். 2020 ஜனவரியில் நீதிமன்றம் ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்தது. நேரடியாகப் பாதிக்கப்படாத நாடும் 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின்கீழ் வழக்காடலாம் என்பதை 2022 ஜூலையில் உறுதிசெய்தது. 2023 டிசம்பரில் காஸாவுக்காகத் தென்னாப்பிரிக்கா நடந்ததும் இவ்வழியிலேதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஷின்ஜியாங்கில் மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்கள் நிகழ்ந்திருக்கக்கூடும் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டு 31 அன்று அறிக்கை வெளியிட்டது. அதனை விவாதிப்பதா என்பதே அக்டோபரில் மனித உரிமைப் பேரவையின் முன் இருந்த கேள்வி. தீர்ப்பன்று, கண்டனமன்று, விவாதம் மட்டுமே. ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11 எனத் தீர்மானம் தோற்றது. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை எதிர்த்து வாக்களித்தன. அமைப்பின் உறுப்பு நாடுகளுள் ஆதரித்தது சோமாலியா ஒன்றே. காம்பியாவும் நடுநிலை வகித்தது என்பதே நம்மை மிகவும் வருத்துவது.

அரசதந்திரத்திற்கு நிதானம் வேண்டும், கடனும் வணிகமும் உள்ள இடத்தில் உரத்த குரல் உதவாது என்பர் சிலர். மௌனத்திற்கு அது ஓரளவு சமாதானமாகலாம், பாராட்டுக்கு ஆகாது. ஒடுக்கப்பட்டவனுக்காகப் பேச இயலாதவன், ஒடுக்குபவனுக்கு நற்சான்று தரவேண்டிய கட்டாயம் யாது? மேற்கு நாடுகள் உய்குர்களுக்காகப் பேசிவிட்டுக் காஸாவில் தயங்குவதை இரட்டை நாக்கு என்கிறோம். அது மெய்யே. அதே அளவுகோல் நம் கையில் இருக்கும்போது அதன் நீளம் மாறலாகாது.

நம் மாணவர்களுக்கு சீறா பாடத்தில் ஹில்ஃபுல் ஃபுழூல் உடன்படிக்கையைக் கற்பிக்கிறோம். யமனிலிருந்து வந்த வணிகனின் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தவர் குறைஷிப் பிரமுகர் ஆஸ் பின் வாயில். வணிகனுக்கு மக்காவில் உறவும் இல்லை, காவலும் இல்லை. அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் இல்லத்தில் கூடியோர், அநீதி இழைக்கப்பட்டவன் எவனாயினும் அவன் பக்கம் நிற்போம் என உறுதி பூண்டனர். நபிகளார் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன்னர் அதில் பங்கேற்றார்கள். பின்னரும் அதனை உயர்வாக நினைவுகூர்ந்தார்கள். அவ்வுடன்படிக்கையின் உயிர்நிலை எது? அந்நியனுக்காகத் தம் நகரத்தின் வலியவரையே எதிர்த்ததுதான்.

எளிய பகைவனிடம் நீதி கேட்பது எவர்க்கும் இயலும். மியான்மாரிடம் கேட்ட கேள்வியைச் சீனாவிடமும் கேட்கும் நாளில்தான் அபுதாபியின் முதல் தீர்மானம் முழுமை பெறும். அதுவரை இரண்டாவது தீர்மானம் முதலாவதற்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.