நோயெதிர்ப்பு மருந்துத் தேடலில் கணினியின் கணிப்பு

கொரோனாவுக்கு மருந்து தெரியாமல் உலகம் தவித்த 2020 பிப்ரவரியில், லண்டனின் பெனவலன்ட்ஏஐ குழு 'லான்செட்' இதழில் ஒரு கடிதம் வெளியிட்டது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் பாரிசிடினிப் மாத்திரை இதற்கும் உதவக்கூடும் என்பது சாரம். ஆய்வுக் கட்டுரைகளையும் உயிரியல் தரவுகளையும் செயற்கை நுண்ணறிவால் அலசி அந்தப் பெயரை எட்டியிருந்தார்கள். பெரிய மருத்துவச் சோதனைகள் சான்று தந்தன. 2022 மே மாதம் அமெரிக்க எஃப்டிஏ முழு ஒப்புதல் அளித்தது.

அதே நிறுவனம் அடோபிக் தோல் அழற்சிக்கு உருவாக்கிய களிம்பு 2023இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது. பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் மருந்தில்லாத களிம்பைவிட அரிப்போ அழற்சியோ கூடுதலாகத் தணியவில்லை.

பாரிசிடினிப் ஏற்கெனவே மனிதர்கள் உட்கொண்டுவந்த மருந்து. ஜேக் நொதிகளைத் தடுத்து அழற்சியை அடக்கும் என்பதும் தெரிந்ததே. சிதறிக் கிடந்த தகவல்களை வேகமாகக் கோத்தது கணினி. உயிர்களைக் காத்த வேகம் அது. களிம்பிலோ, எந்தப் புரதத்தைத் தடுத்தால் நோய் தணியும் என்ற அடிப்படைக் கணிப்பே புதிது. நோயாளியின் தோலில் அது பலிக்கவில்லை.

என்னைக் கேட்டால், அல்காரிதத்துக்கு முன் தரவு பிறக்கும் இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்த வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல் நியூட்ரோஃபில்கள். ஆனால் ரத்தத்தை ஃபிகால் கரைசல்மேல் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அவை சிவப்பணுக்களோடு அடியில் இறங்கிவிடும். நடுவில் வெண்மையாகத் திரளும் மெல்லிய அடுக்கை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த அடுக்கின் தரவில் மட்டும் பயிலும் மாடலுக்கு நியூட்ரோஃபில் கிட்டத்தட்ட இல்லாத செல். திசுவை 37 டிகிரி சூட்டில் நொதி சேர்த்துப் பிரிக்கும்போது ஃபாஸ் போன்ற மரபணுக்களின் செயல்பாடு எகிறும். திரையில் அது நோயின் அடையாளம் போலவே தெரியும். நோயாளிகளின் மாதிரிகள் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆரோக்கியமானவர்களுடையவை வேறோர் இடத்திலிருந்தும் வந்திருந்தால், மாடல் கற்றது நோயையா இடத்தையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

விலங்குகளில் சோதித்துப் பார்க்கும் பழைய முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதல்ல. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து ஏற்றப்பட்ட 6 தன்னார்வலர்களும் சைட்டோகைன் புயலில் சிக்கி உயிருக்குப் போராடினார்கள். குரங்குகளிடம் அந்த ஆபத்து தென்படவே இல்லை. மருந்து பற்றிக்கொள்ளும் சிடி28 புரதம் அவற்றின் ஒருவகை நினைவு டி செல்களில் கிடையாது. இத்தகைய வேறுபாட்டை மருந்தேற்றும் முன்பே தேடிப் பார்ப்பது இன்றைய கணினி உயிரியலாளரின் கைக்கு எட்டிய வேலை.

ஆனால் பல இடங்களில் மாதிரிகளெல்லாம் சேர்ந்த பிறகுதான் கோப்பு அவரிடம் வருகிறது. யாரிடம் ரத்தம் எடுப்பது, உறைய வைப்பதா உடனே பிரிப்பதா என்று முடிவெடுக்கும் கூட்டத்திலேயே அவர் உட்கார வேண்டும். "இந்த மாதிரிகளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது" என்று அவர் சொன்னால், சேகரிப்பை நிறுத்தித் திட்டத்தைத் திருத்தும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.