மேலிருந்து வந்தவனும் மண்ணுக்குள் இருந்தவளும்

அறிவியல் புனைகதைப் படங்களில் கிறிஸ்துவைக் கண்டுபிடிப்பது அருளுரையாற்றுவோராகிய நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. வானிலிருந்து ஒருவன் இறங்கி வருகிறான், நன்மை செய்கிறான், அஞ்சிய மனிதர் அவனைக் கொல்லுகின்றனர், அவன் உயிர்த்தெழுந்து மீண்டும் வானேறுகிறான். 1982இல் வெளிவந்த ‘ஈ.டி.’ படத்திலும் ஏறக்குறைய இதே போக்கைக் காணலாம். பெரிய வியாழனுக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி அலையும் போதகருக்கு இதைவிட வசதியானது வேறென்ன வேண்டும்? நாமும் இவ்வாறு செய்ததுண்டு. எனினும் இத்தகைய ஒப்புமை மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது என்று இப்போது கருதுகிறோம். இக்கதைகள் காண்போரின் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதை அறிய வேண்டுமாயின், அவை தமது மரபை எவ்வாறு கையாளுகின்றன என்பதையே முதலில் நோக்க வேண்டும்.

மரபு என்பது தமிழ் படித்தவர்க்குப் புதிதன்று. கடற்கரையும் எற்பாடும் கூறப்பட்ட அளவிலேயே இரங்கலைக் கேட்க நம் உள்ளம் ஆயத்தமாகிறது. நெய்தல் பாடிய புலவன் அந்த ஆயத்தத்தை நம்பியே சொற்களைச் சுருக்கினான். அறிவியல் புனைகதைக்கும் இத்தகைய முதற்பொருளும் கருப்பொருளும் உண்டு. பறக்கும் தட்டு, அதைச் சூழ்ந்து நிற்கும் படைவீரர், கதிர்த் துப்பாக்கி, இருளில் உருவம் காட்டாமல் கொல்லும் விலங்கு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டதும் இனி நிகழப்போவதை நாமே கற்பித்துக்கொள்கிறோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதற்கு ஒரு வணிகக் காரணமும் சேர்ந்தது. விளம்பரங்களுக்காகக் கதை துண்டு துண்டாக வெட்டப்படுமாதலால், தலைப்புக்கு முன்னரே ஓர் அச்சமும், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓர் ஐயமும் வைக்கப்பட்டன.

இதனை வெறும் தந்திரமென்று ஒதுக்கிவிடலாகாது. கேட்போன் தன்னுடன் கொண்டுவரும் எதிர்பார்ப்பை அவனுக்கு எதிராகவே திருப்புவது திருமறையிலும் காணப்படும் முறையாகும். நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னபோது, தாவீது அதனை ஒரு வழக்கென்றே கருதித் தீர்ப்பும் கூறிவிட்டான். லூக்கா 10இல் ஆசாரியனும் லேவியனும் கடந்து சென்றபின், மூன்றாவதாகச் சாதாரண யூதன் ஒருவன் வருவான் என்றே அன்று கேட்டோர் எதிர்பார்த்திருப்பர். வந்தவனோ சமாரியன். உவமையின் கூர்மை அவ்விடத்தில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இரு படைப்புகளை நோக்குவோம்.

முதலாவது, ராபர்ட் வைஸ் இயக்கி 1951இல் வெளிவந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்னும் திரைப்படம். பூமி அசையாது நின்ற நாள் என்பது தலைப்பின் பொருள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; சோவியத் நாடும் அணுகுண்டைச் சோதித்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. வாஷிங்டன் நகரில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் கிளாட்டு ஒரு பரிசுப் பொருளை நீட்டுகிறான். அதனைப் படைக்கலமென்று எண்ணிய வீரன் ஒருவன் சுட்டுவிடுகிறான். மரபு இங்கே முதன்முறையாகத் திருப்பப்படுகிறது. மருத்துவமனையிலிருந்து தப்பிய கிளாட்டு, தான் எடுத்துக்கொண்ட உடையில் எழுதப்பட்டிருந்த கார்ப்பென்டர் என்னும் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டு ஒரு விடுதியில் தங்குகிறான். கார்ப்பென்டர் என்றால் தச்சன். பின்னர் அவன் கொல்லப்படுகிறான். உயிர் பெற்று எழுகிறான். திரைக்கதை எழுதிய எட்மண்ட் நார்த், இந்த ஒப்புமையைத் தாமே மறைவாக வைத்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். உயிர்ப்பிக்கும் வல்லமை கடவுளுக்கே உரியது என்னும் கருத்தில் கிளாட்டு பேசும் சொற்களோ தணிக்கையாளரின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டவை.

இப்படத்தில் நமக்கு மிகவும் பிடித்தது அந்த உயிர்த்தெழுதல் காட்சியன்று. விடுதியில் தங்கியிருப்போர் காலை உணவு மேசையில் அமர்ந்து, விண்ணிலிருந்து வந்தவன் எங்கே ஒளிந்திருக்கிறானோ என்று பேசுகின்றனர். அவனும் அதே மேசையில் அமர்ந்திருக்கிறான். ஓர் அம்மையார், அவன் வேற்றுக் கிரகத்தவனே அல்லன், இப்பூமியைச் சேர்ந்தவனே என்று, சோவியத் நாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, உறுதியாகக் கூறுகிறார். எம்மாவு ஊருக்குச் சென்ற வழியை நினைவூட்டும் இக்காட்சியை எந்தப் போதகரும் எடுத்தாண்டு நாம் கேட்டதில்லை.

ஆனால் முடிவு என்ன? கிளாட்டு தன் இறுதி உரையில், கோர்ட்டைப் போன்ற இயந்திர மனிதர்களே கிரகங்களிடையே அமைதியைக் காக்கின்றனர் என்றும், பூமி தன் வன்முறையை விண்வெளிக்குக் கொண்டுவந்தால் எரிந்து சாம்பலாகும் என்றும் எச்சரித்துவிட்டுப் போகிறான். பன்னிரண்டு லேகியோன் தூதரை அழைக்க மறுத்தவருக்கும், ஒரு கோர்ட்டைக் காட்டி அச்சுறுத்துபவனுக்கும் என்ன ஒப்புமை? மேலும், படத்தைக் காண்பவன் தொடக்கம் முதலே கிளாட்டுவின் பக்கம் நிற்கிறான். சுட்டவன் வேறொருவன், அஞ்சியவர் வேறு சிலர். காண்பவனின் மனச்சான்றை எவரும் தொடவில்லை.

இரண்டாவது, ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் 1967 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான ‘தி டெவில் இன் தி டார்க்’ என்னும் பகுதி. எழுதியவர் ஜீன் கூன். இருளில் வாழும் பேய் என்று பொருள்படும் இத்தலைப்பே நம்மை ஏமாற்றுவதற்காக வைக்கப்பட்டது. ஜேனஸ் கிரகத்தின் சுரங்கங்களில் ஏதோ ஒன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொன்றுவிட்டது. தலைப்பு தோன்றும் முன்னரே காவலன் ஒருவன் தனியே விடப்படுகிறான். அவனது அலறல் கேட்கிறது. கொன்றதோ நம் கண்ணுக்குப் படவில்லை. பாறையை அமிலத்தால் அரித்து வழி செய்யும் அவ்விலங்கைத் தேடிக் கப்பல் தலைவர் கர்க்கும் ஸ்பாக்கும் இறங்குகின்றனர். விலங்கின் உருவம் ஒரு தடித்த கம்பளத்தை ஒத்தது. குகையின் தரையோ ஏனோ படப்பிடிப்புத் தளத்தைப் போலவே சமமாக இருக்கிறது. எளிய பொருட்செலவில் எடுக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது. ஆயினும் அது கொல்லப்பட வேண்டுமென்றே நாம் விரும்புகிறோம். அதனை உயிருடன் பிடிக்கலாமே என்று ஸ்பாக் தயங்கும்போது நமக்குச் சினமே எழுகிறது.

சுரங்கத் தலைவரின் மேசையில் ஓர் உருண்டையான கல் இருக்கிறது. சுரங்கத்தின் புதிய தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்த, பயனற்ற பொருள் என்கிறார் அவர். கதை தொடங்கிச் சற்று நேரத்திலேயே அதனை நாமும் பார்த்துவிடுகிறோம். பின்னர் ஸ்பாக், காயமுற்ற அவ்விலங்கின் மீது கைவைத்து அதன் உள்ளத்தோடு தன் உள்ளத்தை இணைத்து, அதன் வேதனையைத் தன் வாயாலேயே கதறுகிறான். உண்மை அப்போது புலப்படுகிறது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வினம் முழுவதும் அழிய, முட்டைகளைக் காக்க ஒருத்தி மட்டும் எஞ்சியிருப்பாள். அந்தத் தாயே இவள். உருண்டைக் கற்கள் அனைத்தும் முட்டைகள். தொழிலாளர் அவற்றை அறியாமல் உடைத்துக்கொண்டிருந்தனர்.

இங்கே தாவீதின் நிலை நமக்கு நேருகிறது. தீர்ப்பை முன்னரே கூறிவிட்டோம். அச்சமூட்டும் மரபு இல்லாமல், தாய்மையைப் பற்றிய ஓர் உருக்கமான கதையாகவே இது தொடங்கியிருந்தால், கண்ணீர் சிந்தியிருப்போமேயன்றி வெட்கப்பட்டிருக்க மாட்டோம். ஐம்பது பேரைக் கொன்றது உண்மையல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், கதை அதனை மறைக்கவுமில்லை. அவள் பாறையில் பொறிக்கும் சொற்கள், என்னைக் கொல்லாதீர் என்றும் நான் கொல்ல மாட்டேன் என்றும் இருவகையாகப் பொருள்படுவது இவ்விடத்தில் மிகப் பொருத்தமானது.

எனினும் இப்பகுதியின் இறுதியை நாம் ஏற்க இயலவில்லை. குஞ்சுகள் பாறையைக் குடையும். தொழிலாளர் கனிமத்தை அள்ளிக்கொள்வர். இரு சாராரும் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடார். பெருஞ்செல்வம் கிட்டப்போகிறது என்று சுரங்கத் தலைவர் மகிழ்கிறார். உடைந்த முட்டைகளுக்காக எவரும் ஒரு நொடியும் துக்கம் காக்கவில்லை. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். இவர்களோ ஒன்றும் கொடாமல் ஆதாயத்தோடு ஒப்புரவையும் பெற்றுக்கொள்கின்றனர். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சீராகிவிட வேண்டும் என்ற தொடரின் மரபு, அதே கதை எழுப்பிய குற்ற உணர்வை அணைத்துவிடுகிறது.

இளைஞர் கூட்டத்தில் இப்பகுதியைத் திரையிட விரும்புவோர், மருத்துவர் தாயின் காயத்தைக் கட்டடம் எழுப்பும் காரைக் கலவையால் பூசிக் குணமாக்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். லூக்கா 19இல் சகேயுவின் நிகழ்ச்சியை வாசித்து, தொழிலாளர் இனிச் செய்யவேண்டியது யாது என்று இளைஞரையே எழுதச் சொல்லலாம். எஞ்சிய காட்சியை அதன்பிறகு காட்டுவது போதும்.