அறியாப் பெயர்களுக்கு ஓர் அரங்கு

இசை மன்றம் ஒன்றை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் அதன் பழம்பெருமையிலிருந்தே தொடங்குகின்றனர். இன்னார் இங்கே பாடினர், இன்ன இரவில் கூட்டம் தெருவரை நின்றது என்று அடுக்கிச் சொல்லி, ஆகவே அது சிறந்த மன்றம் என்று முடிப்பர். இம்முறை பிழையுடையது என்பது நம் கருத்து. மன்றத்தின் தரத்தை அறிய நாம் காண வேண்டியவை நினைவுக் குறிப்புகள் அல்ல. வரும் வாரத்தில் யார் யார் மேடையேறுவர் என்று அது அவ்வப்போது வெளியிட்ட அறிவிப்புகளே. நியூயார்க் நகரில் 1973 முதல் 2006 வரை நடைபெற்ற சி.பி.ஜி.பி. என்னும் ராக் இசை மன்றத்தை இந்த அளவுகோல் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ராக் இசை என்றதும் ஆசிரியப் பெருமக்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவ்விசை செவிக்கு இனியதா அன்றா என்னும் வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. கலைஞன் எவ்வாறு உருவாகிறான் என்பதே இங்கு வினா. அவ்வினா நம் தொழிலுக்கும் உரியதே.

மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் பவரி என்றொரு தெரு உண்டு. எழுபதுகளில் அது வீடற்றோரும் குடியால் கெட்டோரும் மலிவான விடுதிகளில் ஒண்டிக்கிடந்த தெரு. அத்தகைய விடுதி ஒன்றின் அடித்தளத்தில், 315ஆம் எண் கட்டடத்தில், ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் இம்மன்றத்தைத் திறந்தார். அவர் இசை அறியாதவர் அல்லர். ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் என்னும் பேரரங்கில் குழுப் பாடகராக இருந்தவர். வில்லேஜ் வான்கார்ட் என்னும் புகழ்பெற்ற ஜாஸ் மன்றத்தை நிருவகித்தவர். அவர் உள்ளம் நாடியது அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களை. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்னும் மூவகை இசையின் சுருக்கமே சி.பி.ஜி.பி. என்ற பெயர். ஆனால் பெயர்ப்பலகையில் எழுதிய இசை அங்கே நிலைக்கவில்லை. எழுதாத இசை வந்து குடியேறியது.

1974 மார்ச் 31ஆம் நாள் டெலிவிஷன் என்னும் இளைஞர் குழு அங்கு முதன்முறையாக வாசித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ரமோன்ஸ் குழுவினர் வந்தனர். இசை வரலாற்று நூல்களில் இவ்விரு நாள்களும் இன்று பெருநாள்கள். அன்றோ, கேட்க வந்தவர் சிலரே. டெலிவிஷன் குழுவின் முதல் வாசிப்பு தமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்று கிறிஸ்டலே பின்னாளில் எழுதினார். ரமோன்ஸ் குழுவினரோ பாட்டின் நடுவே நிறுத்தித் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டனர், கருவிகள் பழுதாயின, தொடக்க நாள்களில் அவர்களின் நிகழ்ச்சி முழுவதுமே இருபது நிமிடத்திற்குள் முடிந்துவிடும். இத்தகைய குழுவை வேறொருவராயின் வாயிலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருப்பார். கிறிஸ்டல் மறுபடியும் அழைத்தார். அதன்பின் மறுபடியும் அழைத்தார்.

இச்செயலே இம்மன்றத்தின் உயிர்நிலை என்பேம். அவருடைய சுவை நுட்பமானது, அதனால்தான் திறமையை முன்னரே கண்டுகொண்டார் என்று புகழ்வோர் உளர். உண்மை அதற்கு மாறானது. சுவையளவில் அவர் அக்குழுக்களோடு ஒத்துப்போகவே இல்லை. தமக்குப் பிடிக்காத ஒன்றுக்கும் இரண்டாம் வாய்ப்பை அளித்தார் என்பதிலேதான் அவர் பெருமை இருக்கிறது. திறனாய்வாளனின் சுவை வேறு, அரங்குடையானின் கடமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியவர்களால் எத்தனை இளங்குரல்கள் முதல் நாளிலேயே அடங்கின என்பதை யார் கணக்கெடுத்தார்?

அங்கு விதி என்று சொல்லத்தக்கது ஒன்று இருந்தது. மேடையேறுவோர் தாமே இயற்றிய பாடல்களைப் பாட வேண்டும். பிறர் பாடிப் புகழ்பெற்றவற்றைப் பாடிக் கைத்தட்டல் வாங்கும் குழுக்களுக்கு அங்கே இடமில்லை. பிறர் பாட்டுக்குச் செலுத்த வேண்டிய உரிமைத்தொகையை மிச்சப்படுத்தவே இவ்விதி வந்தது என்பாரும் உளர். இருக்கலாம். காசு மிச்சம் பிடிக்க எண்ணி ஏற்படுத்திய விதி கலைக்கு நன்மை செய்துவிடுவதும் உண்டு. நுழைவுக் கட்டணத்தில் வந்த பணம் பாடியவர்க்கு, மது விற்ற பணம் உரிமையாளர்க்கு என்பது அங்கிருந்த ஏற்பாடு. அவரைத் துறவியாகக் கருத வேண்டியதில்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும் நமக்கு இங்கே ஓர் ஐயம் எழும். மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் கூறுகிறார் இளங்கோவடிகள். அரங்கின் நீள அகல உயரங்களும் கோலால் அளந்து கூறப்படுகின்றன. பயிற்சி முதலில், மேடை பின்னர் என்பது அம்மரபு. பவரித் தெருவில் மேடையே பயிற்சிக்கூடம். முதிராத கலையைப் பலர் முன் வைப்பது தகுமா?

தகும் என்பதற்கு இன்னொரு நகரத்தின் சான்றும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து நிலவறை ஒன்றில், 1957 சனவரி 16ஆம் நாள் கேவர்ன் என்னும் மன்றம் ஜாஸ் இசைக்கெனத் திறக்கப்பட்டது. 1961 பிப்ரவரி முதல் 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் குழுவினர் அங்கு 292 முறை பாடினர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. நண்பகல் உணவு நேரத்தில் அலுவலக எழுத்தர்களுக்குப் பாடியவையும் அவற்றுள் அடங்கும். ஆனால் அவர்கள் அந்நாளில் பாடியவற்றுள் பெரும்பகுதி பிறர் பாடல்கள். பாடிப் பாடி, பிறர் பாட்டின் கட்டமைப்பு கைவந்தபின் தம் பாட்டை முன்வைத்தனர். ஆக, போலச் செய்தலும் ஒரு வழியே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் எனக்கு பவரித் தெருவின் வழியே மேலாகப் படுகிறது. ஆசிரியர் பயிற்சியில் நாம் கற்றது ‘முதலில் மாதிரி, பிறகு சொந்த ஆக்கம்’ என்பது. தோட்டப் பள்ளியில் பல்லாண்டு கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாதிரிக் கட்டுரையை மனனம் செய்து பிழையின்றி எழுதும் மாணவன் பெரும்பாலும் அம்மாதிரியிலேயே நின்றுவிடுகிறான். பிழை மலிந்த சொந்த வாக்கியத்தை எழுதுபவனிடத்தில் திருத்துவதற்கு ஏதேனும் இருக்கிறது. பீட்டில்ஸ் போலப் போலச்செய்தலைக் கடந்து வருவோர் ஆயிரத்தில் ஒருவர்.

இனி அறிவிப்புகளுக்கு வருவோம். வில்லேஜ் வாய்ஸ் என்னும் வார இதழில் சி.பி.ஜி.பி.யின் நிகழ்ச்சி விளம்பரங்கள் வெளிவந்தன. நாளும் பெயரும் மட்டும் கொண்ட எளிய பட்டியல்கள். 1975ஆம் ஆண்டுப் பட்டியலில் பேட்டி ஸ்மித், டெலிவிஷன், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய பெயர்களை இன்று படிப்பவர் வியப்பர். அன்று படித்தவர்க்கு அவை வெறும் பெயர்கள். அவ்வாண்டு சூலையில், இசைத்தட்டு வெளியிடாத குழுக்களுக்கென்றே கிறிஸ்டல் ஒரு விழா எடுத்தார். விளம்பரம் செய்வோர் மறைக்க விரும்பும் குறையையே அவர் விழாவின் தகுதியாக்கினார்! அவ்வாண்டின் இறுதியில் பேட்டி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டும், 1976இல் ரமோன்ஸின் முதல் தட்டும், 1977இல் டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ் ஆகியோரின் முதல் தட்டுகளும் வெளிவந்தன. ரமோன்ஸின் அத்தட்டில் 14 பாடல்கள்; எல்லாம் சேர்ந்தும் அரைமணி நேரம் இல்லை. பவரி மேடையில் கற்ற சுருக்கம் அது.

அதே பட்டியல்களில் இவர்களைப்போல் பல மடங்கு பெயர்கள் உள்ளன. அவற்றை இன்று எவரும் அறியார். அக்குழுக்களை மன்றத்தின் தோல்வியாக எண்ணுவது தவறு. யார் நிலைப்பர் என்பது முன்கூட்டித் தெரியாத இடத்தில், நிலையாதவர்க்குக் கொடுத்த இரவுகளும் சேர்ந்ததே நிலைத்தவரின் விலை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கழிப்பறையின் அழுக்கு உலகப் புகழ் பெற்றது. எண்பதுகளில் இளைஞர்களுக்கென ஞாயிறு பிற்பகல்களில் நடந்த நிகழ்ச்சிகள் கைகலப்பு மிகுந்ததால் பின்னர் நிறுத்தப்பட்டன. கதவை அகலத் திறப்பவன் காற்றோடு புழுதியையும் ஏற்க நேர்கிறது.

மன்றம் மூடப்பட்டது வாடகைச் சிக்கலால். கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்ததோ வீடற்றோர்க்கு உதவும் ஓர் அறநிறுவனம். யார் பக்கம் நியாயம் என்று எளிதில் கூற இயலாத வழக்கு. 2006 அக்டோபர் 15ஆம் நாள் பேட்டி ஸ்மித் இறுதி நிகழ்ச்சியை நடத்தி, மறைந்த இசைத்தோழர்களின் பெயர்களை மேடையில் படித்தார். உருக்கமான இரவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கடைசி வாரத்தின் அறிவிப்பைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பேட் பிரெய்ன்ஸ், டிக்டேட்டர்ஸ், பிளாண்டி, பேட்டி ஸ்மித் என அங்கு முன்னிற்பவை எல்லாரும் அறிந்த பெயர்கள். அப்பட்டியலைப் பார்த்து, ‘யார் இவர்கள்?’ என்று கேட்க வேண்டிய தேவை எவர்க்கும் இருந்திராது. முப்பதாண்டுக்கு மேலாக வரப்போவதை அறிவித்த மன்றம், வந்து போனதை அவ்வாரம் அறிவித்தது.

கிறிஸ்டல் 2007 ஆகஸ்டில் காலமானார். 2008இல் அவ்விடத்தில் ஓர் உயர்விலை ஆடைக்கடை திறக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் நூவர்க் விமான நிலையத்தில் சி.பி.ஜி.பி. பெயர் தாங்கிய உணவகம் ஒன்று வந்தது. அங்கும் நாள்தோறும் ஒரு பட்டியல் இருந்தது. உணவு வகைகளின் பட்டியல்.